ரோமுக்கு அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்களுக்கு

ரோமுக்குப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற வார்த்தை "பர்ஸ் பத்திரம்" என்பதுதான். நான் மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். கோடையில் கும்பகோணத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள், ஜூலை ஆரம்பத்தில் ஒரு வார இறுதியோடு கொஞ்சம் லீவு சேர்த்துக்கொண்டு மூன்று பேருமாக ரோம் போய்வந்தோம். கிளம்புவதற்கு முன்னால் ஆபீஸில், பக்கத்து வீட்டில், குடும்ப வாட்ஸ்அப்பில் என்று வந்து குவிந்த அறிவுரை எல்லாம் திருடனைப் பற்றியே இருந்தது. திருடன் இல்லை என்று நான் சொல்லவில்லை, அதையும் கடைசியில் எழுதுகிறேன். ஆனால் அறுபதைத் தாண்டிய, சர்க்கரையோ பிரஷரோ இருக்கிற நம் ஊர்ப் பெரியவர்களோடு போனால் உங்கள் பயணத்தைக் கெடுக்கிற வேலையைத் தண்ணீரும் பாத்ரூமும் சாப்பாட்டு நேரமும் காலும் சேர்ந்து செய்துவிடும், திருடனுக்கு வாய்ப்பே வராது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் வெயில். "வெயிலெல்லாம் நமக்கு ஒரு விஷயமா?" என்பது அப்பாவின் கட்சி. கத்திரி வெயிலில் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே முப்பது வருஷம் ஆபீஸ் போய்வந்த மனிதர், அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஊரில் கத்திரி நேரத்தில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு யாரும் வெட்டவெளியில் மூன்று மணி நேரம் நடப்பதில்லை, கதவைச் சாத்திவிட்டு ஃபேனுக்கடியில் படுத்துக்கொள்கிறோம். ரோமில் அந்த நேரத்தில்தான் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு நடக்கிறோம். கொலோசியம், ஃபோரம் என்கிற பழைய ரோமின் இடிபாட்டு வெளி, அதை ஒட்டின பாலட்டைன் குன்று மூன்றும் ஒரே டிக்கெட்டில் வருவதால் ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். ஃபோரத்தில் ஒதுங்க நிழல் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், சுற்றிலும் கல், காலையிலிருந்து வாங்கின சூட்டை அது மத்தியானம் முகத்தில் திருப்பி அடிக்கிறது. நம் ஊரைவிடக் காற்றில் ஈரம் குறைவு என்பதால் வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுகிறது, உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் போனது என்று தெரிவதே இல்லை. இருட்ட ஒன்பது மணி ஆகிறது. 2023 ஜூலை 18 அன்று இந்த ஊரில் 41.8 டிகிரி பதிவாகியிருக்கிறது.

இத்தாலியின் சுகாதார அமைச்சகம் கோடையில் ஊர்வாரியாக வெப்ப எச்சரிக்கை வெளியிடும், பூஜ்யத்திலிருந்து மூன்று வரை. மூன்று என்றால் சிவப்பு, திடகாத்திரமான ஆட்களுக்கும் ஆபத்து என்று அர்த்தம். முந்தின நாள் இரவே அதைப் பார்த்துவிட்டால் மறுநாள் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். நாங்கள் இருந்தபோது ஒரு நாள் சிவப்பு வந்தது, அன்றைக்கு ஃபோரத்தைத் தூக்கிப்போட்டுவிட்டோம். அப்பாவுக்கு அதில் வருத்தம்தான், "டிக்கெட் காசு போச்சேம்மா" என்று ரூமுக்கு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

எங்களுக்குச் சரிப்பட்டு வந்த முறை இதுதான்: காலை ஏழு மணிக்கெல்லாம் தெருவில் இறங்கிவிடுவது, பதினொன்றரைக்குள் ரூமுக்குத் திரும்புவது, மரக் கதவுகளைச் சாத்திவிட்டு ஐந்து மணி வரை படுத்து எழுந்து, மறுபடி கிளம்பி இரவு பத்து மணி வரை சுற்றுவது. ட்ரெவி நீரூற்றைக் காலை ஏழு மணிக்குப் பார்த்தால் மனிதர்களுக்கு நடுவில் நீரூற்றும் தெரிகிறது. ரூம் தூரமாக இருந்தால் சர்ச்சுக்குள் போய்விடுங்கள். சாந்தா மரியா மஜ்ஜோரே போன்ற பெரிய பசிலிக்காக்களில் உள்ளே போகக் காசு இல்லை, மத்தியானமும் திறந்திருக்கிறது, தடித்த சுவருக்குள் குளுகுளுவென்று இருக்கிறது, உட்கார பெஞ்சு இருக்கிறது. சின்ன சர்ச்சுகள் பல மத்தியானம் மூடிவிடும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தோளும் முட்டியும் மறைந்திருக்க வேண்டும், புடவைக்கும் வேட்டிக்கும் அந்தக் கவலையே கிடையாது. பாந்தியனும் சர்ச்தான், ஆனால் அதற்கு மட்டும் 2023லிருந்து கட்டணம் உண்டு.

இனி தண்ணீர். ரோமில் தெருத்தெருவாக நஸோனே என்கிற இரும்புக் குழாய்கள் நிற்கின்றன, இடுப்புக்கு மேல் உயரம், கீழே வளைந்த மூக்கிலிருந்து தண்ணீர் நாள் முழுக்கக் கொட்டிக்கொண்டே இருக்கும். 1870களில் வைக்க ஆரம்பித்தார்கள், இன்றைக்கு நகரத்தில் சுமார் 2,500 இருக்கின்றன என்று சொல்கிறார்கள். வீட்டுக் குழாயில் வருகிற அதே குடிநீர்தான், சில்லென்று இருக்கும். மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் மேல்நோக்கிப் பீய்ச்சும், அப்படியே வாய் வைக்காமல் குடிக்கலாம். அண்ணாந்து குடிக்கிற வம்சத்தில் வந்த நமக்கு இதெல்லாம் கை வந்த கலை. ஆனாலும் அம்மாவுக்குத் தெருக்குழாய் என்றவுடன் முகம் மாறிவிட்டது. "தெருவுல வர்ற தண்ணியைக் குடிச்சு எதாவது ஆச்சுன்னா?" என்று கேட்டார். ஒரு போலீஸ்காரர் வந்து தன் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போனதைப் பார்த்த பிறகுதான் சமாதானம் ஆனார். நீரூற்றில் குடிக்கக்கூடாத தண்ணீர் என்றால் "நோன் பொதாபிலே" என்று எழுதியிருப்பார்கள், நஸோனேவில் அது கிடையாது. ஆளுக்கு ஒரு அரை லிட்டர் பாட்டில் போதும், குழாயைப் பார்க்கிற இடத்திலெல்லாம் குடித்துவிட்டு நிரப்பிக்கொள்ளலாம். கண்ணாடி பாட்டில் வேண்டாம், கொலோசியத்தில் உள்ளே விடமாட்டார்கள்.

இவ்வளவு தண்ணீர் இருந்தும் அம்மா குடிக்கவில்லை. இங்கேதான் விஷயம் இருக்கிறது.

மூன்றாவது நாள் இரவு, அப்பா தூங்கின பிறகு, பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டு மெதுவாக, "எரியறதுடி" என்றார். ரெண்டு நாளாக எரிகிறதாம். விசாரித்தால் வந்த முதல் நாளிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருக்கிறார். வெளியூர் போகும்போதெல்லாம் அவர் செய்வது அதுதானாம், திருப்பதி போனாலும் அப்படித்தான், கல்யாணத்துக்கு வேன் ஏறினாலும் அப்படித்தான். அதோடு காலையில் போடுகிற பிரஷர் மாத்திரையில் சிறுநீரைப் போக்குகிற மருந்தும் சேர்ந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும், அதனால் சுற்றப் போகிற நாளில் அந்த மாத்திரையையும் போடாமல் விட்டிருக்கிறார். பிரஷர் ஏறுவது ஒரு பக்கம், தண்ணீர் இல்லாமல் சிறுநீர்ப்பாதையில் கிருமி தங்குவது இன்னொரு பக்கம். இதைப் படிக்கிற பெண்களில் பாதிப் பேர் தங்கள் அம்மாவை நினைத்துக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன். பையன்கள் தயவுசெய்து கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள், அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

அதனால் ரோமில் பாத்ரூம் எங்கே எங்கே இருக்கிறது என்பதைத் திட்டத்தின் முதல் வரியில் எழுதுங்கள், மியூசியத்தை அப்புறம் எழுதிக்கொள்ளலாம். பொதுக் கழிப்பறை குறைவு, இருப்பதிலும் டெர்மினி ரயில் நிலையத்தில் உள்ளதுபோல் காசு வாங்குகிறவை உண்டு, ஒரு யூரோ நாணயம் சில கையில் எப்போதும் இருக்கட்டும். டிக்கெட் வாங்கிப் போகிற பெரிய இடங்களில் உள்ளே இருக்கும், கொலோசியத்திலும் வத்திக்கான் மியூசியத்திலும் உண்டு, வெளியே வருவதற்கு முன் வேண்டியிருக்கிறதோ இல்லையோ போய்விட்டு வந்துவிடுவது நல்லது. செயின்ட் பீட்டர்ஸ் சதுக்கத்தின் ஓரத்தில் தூண் வரிசைப் பக்கமாக இலவசமாகவே இருக்கிறது. மற்ற நேரத்தில் காபி பார்தான் கதி. இத்தாலியில் பார் என்றால் காபிக்கடை, கவுண்ட்டரில் நின்றபடி எஸ்பிரெஸ்ஸோ குடித்தால் ஒன்று, ஒன்றரை யூரோவுக்குள் முடிந்துவிடும், குடித்துவிட்டு "பாஞ்ஞோ?" என்று கேட்டால் சாவியைக் கொடுப்பார்கள் அல்லது கை காட்டுவார்கள். நாங்கள் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டோம். யாருக்கும் அவசரம் என்று சொல்ல வேண்டிய நிலை வருவதற்கு முன்னாலேயே பாருக்குள் நுழைந்துவிடுவது. அப்படிச் செய்ய ஆரம்பித்த பிறகு அம்மா கேட்காமலே பாட்டிலை எடுத்துக் குடித்தார். தங்குகிற இடத்துப் பாத்ரூமில் இன்னொரு சந்தோஷமும் உண்டு: இத்தாலிக்காரர்கள் நம்மைப் போல் தண்ணீர்க் கட்சி, பெரும்பாலான ரூம்களில் கழுவிக்கொள்வதற்கென்று பிடே இருக்கும். மியூனிக்கில் சொம்போடு பட்ட பாட்டுக்கு அம்மாவுக்கு அது பெரிய ஆறுதல்.

சரி, எரிச்சலுக்கு என்ன செய்தோம்? காலையில் பச்சைச் சிலுவை விளக்கு எரிகிற ஃபார்மசியாவுக்குப் போனோம். இத்தாலியில் ஃபார்மசிஸ்ட் பொறுமையாகக் கேட்கிறார், ஆங்கிலமும் கொஞ்சம் வருகிறது. நம் ஊர் மெடிக்கல் ஷாப் நினைப்பில் ஆன்டிபயாடிக் கேட்டால் மட்டும் கிடைக்காது, சீட்டு வேண்டும். அந்தப் பெண்மணி, காய்ச்சல் இருக்கிறதா, முதுகில் விலாவுக்குக் கீழே வலிக்கிறதா, குளிர் நடுக்கம் உண்டா என்று மூன்று கேள்வி கேட்டார். அந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் கிருமி கிட்னி வரை போயிருக்கலாம், அப்படியானால் நேரே பெரிய ஆஸ்பத்திரி, காத்திருக்கக்கூடாது. அம்மாவுக்கு மூன்றும் இல்லை. பயணிகளைப் பார்க்க ரூமுக்கே வருகிற தனியார் டாக்டர்கள் ரோமில் இருக்கிறார்கள், ஹோட்டல் வரவேற்பில் சொன்னால் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். வந்த டாக்டர் பிரஷர் பார்த்தார், ஒரு நாள் விட்ட மாத்திரைக்காக மறுநாள் ரெண்டாகப் போட்டுவிடாதீர்கள் என்று அழுத்திச் சொன்னார், சீட்டு எழுதிக் கொடுத்தார். நூற்றைம்பது யூரோவுக்குப் பக்கம் ஆனது. சாயங்காலமே எரிச்சல் குறைய ஆரம்பித்தது.

ரோமில் ஃபார்மசியா மூடியிருந்தால் பயப்படாதீர்கள், கதவில் அன்றைக்கு முறைப்படி திறந்திருக்கிற கடையின் விலாசம் ஒட்டியிருக்கும், சில கடைகள் இரவு முழுக்கத் திறந்திருக்கும். இரவிலும் வார இறுதியிலும் பார்க்க குவார்டியா மெடிக்கா என்று ஓர் அரசு ஏற்பாடும் இருக்கிறது, அவசரமில்லாத உடம்புக்கு அது. நெஞ்சு வலி, வாய் கோணுவது, மயக்கம், மூச்சுத் திணறல் என்றால் 112. ஐரோப்பிய யூனியன் முழுக்க அந்த எண்தான், காசு கிடையாது, ரோமில் ஆங்கிலத்தில் பேசினாலும் புரியவைக்கலாம். பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் வந்த வரிசைப்படி பார்ப்பதில்லை, வந்தவுடன் ஒரு நர்ஸ் நிறம் கொடுத்துவிடுவார், சிவப்பு என்றால் உடனே, வெள்ளை என்றால் அவசரமே இல்லை. வெள்ளையும் பச்சையுமாக உட்கார்ந்தால் பாதி நாள் போய்விடும், ஆகவே சின்ன விஷயத்துக்கு அங்கே போவதில் அர்த்தமில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை. இன்சுலின் இல்லை, மாத்திரைதான், மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் கலந்தது, ஊரில் ரொம்பப் பேர் போடுகிற வகை. ராத்திரி ஏழரைக்கு மாத்திரை, ஏழே முக்காலுக்கு இட்லி அல்லது சப்பாத்தி என்பது வீட்டில் கடிகாரம்போல நடக்கிறது. ரோமில் நல்ல சாப்பாட்டுக் கடைகள் மத்தியானம் மூன்று மணியோடு அடுப்பை அணைத்துவிடும், ராத்திரி ஏழு, ஏழரைக்கு முன்னால் திறக்காது, திறந்து உட்கார்ந்து ஆர்டர் கொடுத்து தட்டு வருவதற்குள் எட்டரை. கிளிமிபிரைடு சாப்பாடு வந்ததா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்காது, அது பாட்டுக்குக் கணையத்தைத் தட்டி இன்சுலினை இறக்கும். அதற்கு மேல் அன்றைக்கு நடந்த நடை வேறு. ட்ராஸ்தேவெரே என்கிற பகுதியில் ஒரு தெருவோரக் கடையில் உட்கார்ந்திருந்தபோது அப்பா திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டார், அப்புறம் காரணமில்லாமல் அம்மாவிடம் எரிந்து விழுந்தார், நெற்றியில் வேர்வை. ஜூலை ரோமில் யாருக்கு வேர்க்கவில்லை? அதனால்தான் இது பிடிபடுவது கஷ்டம். அம்மாதான் கண்டுபிடித்தார். "கை நடுங்கறது பாரு, மெஷினை எடு" என்றார். குத்திப் பார்த்தால் 62.

எழுபதுக்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. உடனே பதினைந்து கிராம் சர்க்கரை, பதினைந்து நிமிஷம் பொறுத்து மறுபடி குத்திப் பார்ப்பது, ஏறவில்லை என்றால் இன்னொரு பதினைந்து கிராம். அப்பாவின் பையில் கடலை மிட்டாய் இருந்தது, அதை நீட்டினார். அது இந்த நேரத்துக்கு ஆகாது, கடலையில் உள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் விடும். இத்தாலியக் கடைகளில் காபிக்குக் கொடுக்கிற சர்க்கரைப் பொட்டலம் ஒன்று கிட்டத்தட்ட ஐந்து கிராம், மூன்று பொட்டலத்தைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தோம். பதினைந்து நிமிஷத்தில் 84, அதன் பிறகு ரொட்டியும் கடலை மிட்டாயும். கடைக்காரர் என்ன ஏது என்று கேட்காமலே ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார், பில்லில் அது இல்லை.

அன்றிலிருந்து தட்டு மேஜைக்கு வந்த பிறகுதான் மாத்திரை. ஊரில் உள்ள டாக்டரிடம் போனில் கேட்டோம், நிறைய நடக்கிற நாட்களில் அளவைக் குறைக்கவும் சொன்னார். இதை நீங்களாகச் செய்யாதீர்கள், கிளம்புவதற்கு முன்னாலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கும்போது இன்னொன்றும் கேளுங்கள்: டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று 'ஃப்ளோசின்' என முடிகிற மாத்திரைகளை இப்போது நிறைய எழுதுகிறார்கள், அவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிற மருந்துகள், அதனால் அடிக்கடி போகவேண்டியிருக்கும், தண்ணீரும் கூடவே போகும், பிறப்புறுப்பில் தொற்று வருகிற வாய்ப்பும் கூடும். வெயிலில் நடக்கிற நாளில், அல்லது வயிற்றுப்போக்கு வந்தால், அதை என்ன செய்வது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் அதைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது, விமானத்தின் அடிவயிற்றில் உறைந்துவிடலாம், கைப்பையில்தான். மாத்திரைச் சீட்டில் பிராண்ட் பெயரோடு மருந்தின் உண்மையான பெயரும் இருக்கட்டும். நம் ஊர் பிராண்டை ரோமில் யாருக்கும் தெரியாது, மருந்தின் பெயரைச் சொன்னால் உடனே புரிகிறது. சர்க்கரை மெஷினில் எண்கள் இத்தாலியிலும் நம் கணக்குதான், லண்டன் போனால்தான் 62 என்பதை 3.4 என்று சொல்வார்கள்.

சாப்பாட்டில் நாங்கள் சைவம். பாஸ்தா, பீட்சா ஊர்தானே என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் செய்யக்கூடாது. ரோமின் புகழ்பெற்ற கார்பனாரா, அமத்ரிச்சானா ரெண்டிலும் பன்றிக் கன்னக் கறி இருக்கிறது, சுப்ளி என்கிற அரிசி உருண்டையிலும் பல கடைகளில் கறி இருக்கும், காய்கறி சூப்பைக்கூட மாமிச வடிநீரில் வைப்பவர்கள் உண்டு. காச்சோ எ பேப்பே, அதாவது சீஸும் மிளகும் மட்டும் போட்ட பாஸ்தா, அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மிளகு இருக்கிறதே. (அந்தச் சீஸைக் ஆட்டுக்குட்டியின் வயிற்று நொதியால் திரிக்கிறார்கள் என்பதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை, கறாரான சைவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.) காலைச் சாப்பாடு அங்கே ஒரே இனிப்பு, கிரீம் வைத்த கொர்னெத்தோ என்கிற பன். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது கட்டுப்படியாகாது, கிச்சனோடு கூடிய ரூம் எடுத்து ரவா உப்புமாவுக்கு வழி செய்துவிடுங்கள். மத்தியானம் மூன்றிலிருந்து ஏழு வரை பசித்தால் துண்டாக வெட்டி எடைக்கு விற்கிற பீட்சாக் கடைகள் திறந்திருக்கும்.

கால் விஷயம் சுருக்கமாக. ரோமின் பழைய தெருக்களில் சான்பியெத்ரீனி என்கிற கறுப்புக் கல் பாவியிருக்கிறது, ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு, ஒன்றுக்கொன்று மட்டம் கிடையாது, மழை பெய்தால் வழுக்கும். செருப்பு போட்டு நடந்தால் கணுக்கால் மடங்கும். அப்பா ஷூவுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை, "ரிட்டயர் ஆனதுக்கப்புறம் ஷூவா?" என்று ஒரு வாரம் தகராறு. மியூனிக்கிலேயே வாங்கிக் கொடுத்து பத்து நாள் பார்க்கில் நடக்கவைத்துத்தான் கூட்டிப்போனேன், புது ஷூவோடு நேரே போயிருந்தால் கொப்புளம் நிச்சயம். சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், கொப்புளம் வந்ததே தெரியாது, ராத்திரி விளக்குப் போட்டு ரெண்டு பாதத்தையும் விரலிடுக்கு உட்பட அடுத்தவர் பார்க்க வேண்டும். செயின்ட் பீட்டர்ஸ் கோபுரத்துக்கு 551 படி. லிஃப்ட் டிக்கெட் வாங்கினாலும் அது பாதியில் விட்டுவிடும், மிச்சம் 320 படியை ஏறித்தான் ஆகவேண்டும், அதுவும் போகப்போகச் சுவர் சாய்ந்து குறுகிக்கொண்டே போகிற படி. பெரியவர்களை அங்கே ஏற்றாதீர்கள், கீழே உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தாலே கழுத்து வலிக்கும் அளவுக்கு இருக்கிறது.

ரோடு தாண்டுவதைப் பற்றி யாருமே எச்சரிக்கவில்லை. வண்டிகள் வலது பக்கம் ஓடுகிற ஊர், முதலில் இடது பக்கம் பார்க்க வேண்டும், நம் கழுத்து அறுபது வருஷமாக வலது பக்கம்தான் முதலில் திரும்பும். அம்மா ரெண்டு தடவை கால் எடுத்து வைத்து நான் இழுத்திருக்கிறேன். வரிக்கோட்டில் நின்று காத்திருந்தால் ரோமில் யாரும் நிற்கமாட்டார்கள், கண்ணைப் பார்த்துக்கொண்டு நிதானமாக இறங்கினால் நிற்கிறார்கள், ஓடக்கூடாது, நடுவில் பின்வாங்கவும் கூடாது. சென்னையில் மவுண்ட் ரோடு தாண்டினவர்களுக்கு இது வந்துவிடும். டிராம் மட்டும் நிற்காது, சத்தமும் வராது.

இப்போது திருடன். டெர்மினியிலிருந்து வத்திக்கான் பக்கம் போகிற 64ஆம் நம்பர் பஸ்ஸும், மெட்ரோவில் ஏ லைனும்தான் இதற்குப் பேர்போனவை. நாங்கள் டெர்மினியில் ஏ லைனில் ஏறும்போது நன்றாக உடுத்தின மூன்று நான்கு பெண்கள், சின்ன வயசு, கையில் மேப்பை விரித்துக்கொண்டு அப்பாவைச் சுற்றி நெருக்கினார்கள். கதவு மூடுகிற நேரம்தான் அவர்கள் வேலை செய்கிற நேரம், எடுத்த கையோடு இறங்கிவிடலாம். அப்பா மகாமகக் கூட்டத்துக்குப் போகிற மாதிரி பர்ஸை உள்பாக்கெட்டில் வைத்து ஊக்கு குத்தியிருந்தார். ஏதோ கை பட்டவுடன் "ஏய்! யாரது?" என்று தமிழில் ஒரு அதட்டல். பெட்டியே திரும்பிப் பார்த்தது, அந்தப் பெண்கள் இறங்கிப் போய்விட்டார்கள். மொழி எதுவாக இருந்தாலும் சத்தம் வேலை செய்கிறது. வாசல் பக்கம் நிற்காதீர்கள், முதுகுப் பையை மார்புப் பக்கம் போடுங்கள், போனைச் சாப்பாட்டு மேஜைமேல் வைக்காதீர்கள், அவ்வளவுதான். கையில் கயிறு கட்டிவிட வருகிறவன், ரோஜாப்பூ இலவசம் என்று நீட்டுகிறவன், இவர்களிடம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருக்க வேண்டும், நின்று "நோ தேங்க்யூ" சொல்கிற மரியாதைதான் அவர்களுக்கு முதலீடு. ஸ்டேஷன் வாசலில் "டாக்ஸி, டாக்ஸி" என்று தானாக வருகிறவனோடு போகாதீர்கள், வெள்ளை டாக்ஸி வரிசையில் நில்லுங்கள். பஸ்ஸிலும் மெட்ரோவிலும் கார்டைத் தட்டி ஏறலாம், ஆனால் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், ஒரே கார்டை மூன்று தடவை தட்டினால் மூன்று பேருக்கு ஆகாது, பரிசோதகர் பிடித்தால் அபராதம் ஐம்பது யூரோவுக்கு மேல். ஏடிஎம்மில் "உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் சொல்லி யூரோவையே தேர்ந்தெடுங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸில் புகார் எழுதி வாங்கி, அதை எடுத்துக்கொண்டு வியா வென்தி செத்தெம்ப்ரே தெருவில் இருக்கிற இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும், அவசரச் சான்றிதழ் கொடுத்தால் இந்தியாவுக்குத் திரும்பலாம். இதற்காகவே பாஸ்போர்ட்டின், விசாவின் போட்டோவை மூன்று பேர் போனிலும் வைத்திருந்தோம்.

இன்ஷூரன்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம், எல்லா ஷெங்கன் நாட்டிலும் செல்ல வேண்டும், ஆக அப்பா அம்மாவுக்காக எடுத்தது ரோமிலும் செல்லும். விசாவுக்காக இருப்பதிலேயே மலிவாக ஒன்றை எடுத்துவிட்டு மறந்துவிடுவது நம் வழக்கம், ஆனால் பாலிசியில் ரெண்டு இடத்தைப் படிக்க வேண்டும்: ஏற்கெனவே உள்ள வியாதிகளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, முதல் எவ்வளவு யூரோ நம் கையிலிருந்து போகும். சர்க்கரை, பிரஷர் தொடர்பாக எது வந்தாலும் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் கொடுப்போம் என்று பல பாலிசிகளில் இருக்கிறது. டாக்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவர்கள் ஹெல்ப்லைனுக்குப் பேசி ஒரு கேஸ் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு அவர்கள் போனை எடுக்கவே நாற்பது நிமிஷம் ஆனது, ஆனால் அந்த நம்பர் இருந்ததால்தான் பிறகு பேச முடிந்தது. டாக்டரின் பில், அவர் எழுதின சீட்டு, ஃபார்மசியா ரசீது மூன்றும் கேட்டார்கள், பிடித்தம் போக மிச்சம் ஒன்றரை மாதம் கழித்து வந்தது. ரசீதுகளை வாங்கின உடனே போட்டோ எடுத்துவிடுங்கள், அந்தக் காகிதத்தில் உள்ள எழுத்து ஜூலை வெயிலில் பைக்குள்ளேயே வெளுத்துப்போகிறது.